தோளில் நான்கு பொற்பட்டைகள்

விமான நிலையத்தில், தோளில் நான்கு பொற்பட்டைகள் திகழ நடந்து செல்லும் தலைமை விமானியைக் கண்டு வியவாத இளைஞர் இலர். பன்னாட்டு விமான நிறுவனம் ஒன்றில் அந்நிலையை எய்துவது எவ்வாறு? விழைவோர் பலர், வழியறிந்தோர் சிலர். வழியறியாது வீட்டை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திப் பின்னர் வருந்துவோரும் உளர். ஆதலின் படிகளை முறையாக அறிதல் நன்று.

உடற்தகுதி

வணிக விமானி உரிமத்திற்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று இன்றியமையாதது. கண், காது, இதயம், நரம்பு, மனநலம் அனைத்தும் ஆராயப்படும். பார்வைக் குறை கண்ணாடியால் திருந்துமாயின் அது பொதுவாகத் தடையன்று. நிறங்களைப் பிரித்தறிய இயலாமை பெருந்தடையாகலாம். பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுமுன் இச்சான்றைப் பெற்றுவிட வேண்டும். பல இலட்சம் ரூபாய் செலவிட்ட பின்னர்த் தகுதியின்மை தெரியவருமாயின், இழப்பு மாணவருக்கு மட்டுமன்று; குடும்பத்திற்கே ஆகும்.

கல்வியும் பறப்பும்

இந்தியாவில் இவ்வுரிமத்தை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். வானிலையியல், வான்வழி செலுத்துகை, விமானச் சட்டம் முதலியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. இயற்பியலும் கணிதமும் இவற்றுக்கு வேர் போன்றவை. மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவற்றுள் இரவுப் பறப்பும், 300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டர் நெடும்பயணமும் அடங்கும். வானொலியில் பிழையின்றி உரையாடும் ஆங்கிலத் திறன் தனியே சோதிக்கப்படும். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திராகாந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இத்துறையில் பெயர்பெற்றது. மாணவர், மாணவியர் இருபாலார்க்கும் விதி ஒன்றே.

உரிமத்திற்குப் பின்

உரிமம் கிடைத்ததும் வேலை கிடைத்துவிட்டதாக எண்ணுதல் தவறு. சிறிய விமானத்தில் பயின்றவர் போயிங், ஏர்பஸ் போன்ற பெருவிமானங்களை இயக்க, அவ்வவ் வகைக்குரிய தகுதியைச் சிமுலேட்டரில் பயின்று பெற வேண்டும். பெரிய நிறுவனங்கள் பல, பிற நிறுவனங்களில் அனுபவம் பெற்றோரையே நாடுகின்றன. தாமே புதியோரைப் பயிற்றுவிப்பனவும் உள; எமிரேட்ஸ் நிறுவனம் 2017இல் துபாயில் இதற்கெனப் பயிற்சிக் கழகம் தொடங்கியது. துணை விமானியாகச் சேர்ந்தவர், 21 வயதும் 1,500 மணி நேரப் பறப்பும் எய்தி உயர்நிலை உரிமம் பெறலாம். தலைமைப் பொறுப்புக்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். அதன் பின்னரும் மருத்துவச் சோதனையும் சிமுலேட்டர்த் தேர்வும் பணிக்காலம் முழுதும் தொடரும். ஆயுள் முழுதும் தேர்வெழுதும் மாணவரே விமானி.

பணிவும் துணிவும்

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய தெனரீஃப் தீவில், பனிமூட்டத்தினூடே ஓடுபாதையில் இரு ஜம்போ விமானங்கள் மோதின. 583 பேர் உயிரிழந்தனர். கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, மற்றோர்க்குப் பயிற்சியளிக்கும் பேரனுபவம் உடையவர். அனுமதி கிடைக்குமுன்னரே அவர் புறப்பட்டார். எதிரே இருந்த விமானம் விலகிவிட்டதா என்று உடனிருந்த பொறியாளர் ஐயுற்று வினவினார். விலகிவிட்டது என்று உறுதிபடக் கூறிவிட்டு அவர் விமானத்தை மேலும் செலுத்தினார்.

இத்தகைய விபத்துகளே விமானியர் பயிற்சியை மாற்றின. தவறு கண்டால் இளையவர் அஞ்சாது சொல்லவும், தலைமையேற்றவர் சினவாது கேட்கவும் இன்று தனியே பயிற்றுவிக்கின்றனர். நேர்முகத் தேர்விலும் சிமுலேட்டரிலும் நிறுவனங்கள் கைத்திறனோடு இப்பண்பையும் நோக்குகின்றன.

மூத்தோர் சொல் கேட்டல் நம் மரபு. விமானியறையில் இளையோர் சொல்லையும் கேட்டல் வேண்டும். ஏனெனில் பின்னிருக்கைகளில் நூற்றுக்கணக்கானோர் நம்பி அமர்ந்துள்ளனர். இவ்வானில் பறக்க விழையும் மாணவச் செல்வங்கள் இன்றே தொடங்கற்குரியவை மூன்று: மருத்துவச் சோதனை, கணிதப் பயிற்சி, தம் தவற்றைப் பிறர் சுட்டுங்கால் ஏற்கும் மனம். முதலிரண்டுக்குப் பிறர் துணை உண்டு. மூன்றாவது நம்மிடமே உள்ளது.