கம்பைலர் இடும் பெயர்கள்

உயர்நிலை மொழியில் எழுதப்பட்ட நிரலைச் செயலி ஏற்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர், அந்த வேலையைப் பெரும்பாலும் தனியாக முடிப்பதில்லை. சி மொழிக்கான ஜிசிசி முதலில் அசெம்பிளி என்னும் உரைவடிவை எழுதித் தர, அசெம்பிளர் அதனை ஆப்ஜெக்ட் கோப்பாக்குகிறது. அத்தகைய கோப்புகள் பலவற்றைக் கோத்து இயங்கத்தக்க ஒரே நிரலாக்குவது லிங்கர். செயலிக்கு வேண்டியவை முகவரிகளே அன்றிப் பெயர்கள் அல்ல. ஆயினும் ஒரு கோப்பு உருவாகும் வேளையில், அதன் செயற்கூறுகள் இறுதி நிரலில் எங்கே அமரும் என்பதோ, அவை அழைக்கும் பிற செயற்கூறுகள் எங்கே இருக்கும் என்பதோ கம்பைலருக்குத் தெரியாது. ஆகையால் முகவரி முடிவாகும்வரை அதன் இடத்தில் நிற்க ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. அசெம்பிளியில் வரித் தொடக்கத்தில் பெயரும் முக்காற்புள்ளியுமாக எழுதப்படும் லேபிள் அத்தகையது. அதுவே ஆப்ஜெக்ட் கோப்பின் அட்டவணையில் ஏறும்போது சிம்பல் எனப்படுகிறது.

64 பிட் இன்டெல் வகைச் செயலியில் நேரடி அழைப்புக் கட்டளை 5 பைட் நீளமுடையது; முதல் பைட் அழைப்பு என்பதைக் குறிக்க, எஞ்சிய 4 பைட்டுகள் அழைக்கப்படும் இடத்தின் தொலைவைத் தாங்குகின்றன. அந்த இடம் வேறொரு கோப்பில் இருக்குமானால், அசெம்பிளர் 4 பைட்டுகளையும் வெறுமையாக விட்டு, இவ்விடத்தில் இன்ன சிம்பலின் தொலைவை எழுத வேண்டும் என்னும் குறிப்பை உடன் வைக்கிறது. லிங்கர் எல்லா அட்டவணைகளையும் ஒப்பிட்டு அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. லினக்ஸில் வழங்கும் ஈஎல்எஃப் கோப்பு வடிவின் 64 பிட் வகையில் ஒவ்வொரு சிம்பலுக்கும் 24 பைட் கொண்ட பதிவு உண்டு. பெயர், முகவரி, அளவு, அது செயற்கூறா தரவா என்னும் வகை, கோப்புக்கு வெளியே அது தெரியுமா என்பது ஆகிய யாவும் அதில் அடங்கும்.

லிங்கருக்குப் பெயர் என்பது வெறும் எழுத்துத் தொடரே. அதன் பொருளை அது ஆராய்வதில்லை. சி++ மொழியிலோ ஒரே பெயரில் பல செயற்கூறுகள் இருக்கலாம் என்பதால், கம்பைலர் அளபுருக்களின் வகைகளையும் பெயருக்குள் பொதிந்து வைக்கிறது. லினக்ஸில் பின்பற்றப்படும் மரபின்படி, 'ஆட்' என்னும் மூன்றெழுத்து ஆங்கிலப் பெயருடைய செயற்கூறு இரண்டு முழு எண்களை ஏற்குமானால், அதன் சிம்பல் அடிக்கோடும் 'இசட்' எழுத்துமாகத் தொடங்கி, பெயரின் நீளமாகிய 3, பின்னர் அப்பெயர், அதன் பின் எண்ணுக்கு ஒன்றாக இரண்டு 'ஐ' எழுத்துகள் என அமையும். பார்வைக்குச் சிதைந்ததுபோலத் தோன்றும் இப்பெயரை மீண்டும் படிக்கத்தக்கதாக்கும் கருவிகள் உண்டு என்பதால் இதில் எதுவும் இழக்கப்படுவதில்லை.

இழப்பு நேர்வது வேறோர் இடத்தில். சுழற்சியின் தொடக்கம், நிபந்தனையின் மறுகிளை போன்ற உள்ளிடங்களுக்கும் லேபிள் தேவை. ஆனால் லிங்கருக்கு அவற்றால் பயனில்லை. ஆகவே ஈஎல்எஃப் மரபில் கம்பைலர் அவற்றுக்குப் புள்ளியும் 'எல்' எழுத்தும் முன்னொட்டாகக் கொண்ட பெயர்களை இட, அசெம்பிளர் தன் கணக்கு முடிந்ததும் அவற்றை அட்டவணையில் ஏற்றாமல் கைவிடுகிறது. சாதாரணச் சி நிரலுக்கு இது மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் சிம்பலைப் படிப்பது லிங்கர் மட்டும் அன்று. நிரலின் நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் புரொஃபைலரும், லினக்ஸின் பெர்ஃப் போல, இயக்கத்தைக் குறித்த இடைவெளியில் நிறுத்திக் கட்டளை முகவரியைப் பதிந்து, அது எந்தச் சிம்பலின் எல்லைக்குள் விழுகிறது என்று இதே அட்டவணையில் தேடுகிறது. உரிய பெயர் அங்கே இல்லையென்றால், செலவு வெறும் எண்ணாகத் தெரியும், அல்லது முந்தைய செயற்கூற்றின் கணக்கில் தவறாகச் சேரும்.

ஹாஸ்கெல் மொழியின் ஜிஎச்சி கம்பைலர் இதற்குத் தக்க சான்று. அது ஒரு செயற்கூற்றைப் பல சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது. கோப்புக்கு வெளியே தெரிய வேண்டாத துண்டுகள், தாமே செயற்கூறுகளாக இருந்தும், புள்ளி-எல் பெயர் பெற்று அட்டவணையிலிருந்து மறைந்தன. 9.2 பதிப்பில், இத்தகைய உள்துண்டுகளுக்கும் சிம்பல் எழுதச் செய்யும் தெரிவு சேர்க்கப்பட்டது. இதனால் கோப்பின் அளவு கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் இந்த அட்டவணை நிரல் இயங்கும்போது நினைவகத்தில் ஏற்றப்படுவதில்லை ஆதலால், வேகத்தைத் தேடி உழைப்பவருக்குச் சில மெகாபைட் வட்டிடம் கொடுக்கத்தக்க விலையே ஆகும்.

ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றின் எந்திரக் குறிமுறை நிரல் இயங்கும்போதே உருவாவதால், அதற்கு ஆப்ஜெக்ட் கோப்பும் இல்லை, லிங்கரும் இல்லை. அங்கும் பெர்ஃப் பெயர்களைக் கண்டறிய வேண்டுமானால், குறிமுறையை உருவாக்கும் நிரலே தற்காலிகக் கோப்பகத்தில் ஓர் உரைக்கோப்பைத் திறந்து, ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்க முகவரி, அளவு, பெயர் என்னும் மூன்றையும் ஒரே வரியில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.