ஆதிலாபாத்தில் ஒரு தை அமாவாசை

ஹைதராபாத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஆதிலாபாத் சந்தையில் பருத்தி வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஈரம் 12 விழுக்காட்டைத் தாண்டினால் அரசு ஆதரவு விலை கிடைக்காது. வண்டிப் பஞ்சைக் கைவிட்டு அளைந்தபடி இருந்தார் ஒரு விவசாயி. இரவுப் பனி ஏறிவிட்டதாம், ஓட்டுநர்தான் மொழிபெயர்த்தார்.

மறுநாள் கேஸ்லாப்பூரில் கோண்டு பழங்குடியினரின் நாகோபா திருவிழா. மெஸ்ராம் குலத்தார் வெறுங்காலில் நடந்து கோதாவரி நீர் கொண்டுவருகிறார்கள், நாக தெய்வத்துக்கு. அதன்முன் வணங்கிய பிறகுதான் புது மருமகள் அந்தக் குலத்தில் ஒருத்தியாவாள். வெள்ளைச் சேலையில் முக்காடிட்டு நின்ற பெண்களைக் கண்டதும் கேமராவை உறைக்குள் வைத்துவிட்டேன்.

திருவிழா பார்க்க விரும்பினால் தை அமாவாசையை ஒட்டிப் போங்கள். குந்தாலா அருவிக்கு அது காலமல்ல. மழை முடிந்த கையோடு போனால்தான் நீர் கொட்டும். பாறை வழுக்கும், பிள்ளைகள் பத்திரம்.