இளம் விண்மீன்களும் பழுப்புக் குறுமீன்களும்

விண்ணில் ஒளிர்வனவற்றை நாண்மீன், கோண்மீன் எனப் பிரித்துரைப்பது பழந்தமிழ் வழக்கு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பொருளொன்றும் உண்டென்பதை இருபதாம் நூற்றாண்டு வானியல் நிறுவியது. 1975இல் அமெரிக்க வானியலார் ஜில் டார்ட்டர் அதற்குப் பழுப்புக் குறுமீன் எனப் பெயரிட்டார். வியாழனைப்போல் ஏறத்தாழ 13 முதல் 75 மடங்கு வரை நிறை கொண்ட இது, விண்மீனைப்போல் ஹைட்ரஜன் அணுக்களைத் தொடர்ந்து பிணைத்து ஒளிர வல்லதன்று. 13 மடங்கிற்குக் குறைந்தவற்றைப் பெருங்கோள் என்பது பொதுவழக்கு.

இவற்றைத் தேடுவோர் இளம் விண்மீன்களை நாடுவது ஏன் எனக் காண்போம். தன் ஈர்ப்பால் சுருங்கி வெப்பமுற்றுப் பிறக்கும் இத்தகைய பொருள், உலையினின்று எடுத்த இரும்பைப்போல் நாளடைவில் குளிர்ந்து மங்குகின்றது. பிறந்து சில கோடி ஆண்டுகள் வரை அகச்சிவப்புக் கதிரில் நன்கு ஒளிரும். பின்னர்க் காண்டல் அரிது. இளமையிலும் தாய்மீனின் பேரொளி அதனை மறைக்கும். எனவே, காற்றின் அலைவைத் திருத்தும் வளையும் ஆடியும், தாய்மீனின் ஒளியைப் படத்தினின்று கழிக்கும் கணிப்பு முறையும் தேவைப்படுகின்றன. இவற்றின் துணையால் 2008இல் எச்.ஆர். 8799 என்னும் விண்மீனைச் சுற்றும் 3 பெருங்கோள்களின் படங்கள் வெளியாயின. 2010இல் நான்காவதும் அறிவிக்கப்பட்டது. அவ்விண்மீனின் அகவை சில கோடி ஆண்டுகளே.

எனினும், படம் காட்டுவது ஒளியை மட்டுமே, நிறையை அன்று. ஒளியோடு அகவையையும் சேர்த்தே நிறையைக் கணிக்கின்றனர். இளைய கோளும் முதிய குறுமீனும் ஒரே அளவாய் ஒளிரக்கூடும் அன்றோ!

கப்பா ஆண்ட்ரோமெடே என்னும் விண்மீனின் துணைப்பொருள் இதற்குத் தக்க சான்று. 2012இல் ஹவாய்த் தீவின் சுபாரு தொலைநோக்கி கொண்டு அதனைக் கண்டோர், விண்மீனின் அகவையை 3 கோடி ஆண்டு எனக் கொண்டு, துணையின் நிறை வியாழனைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு என்றனர். 2013இல் வேறோர் ஆய்வுக் குழுவினர் அகவை 22 கோடி ஆண்டு என்றனர். நிறை 50 மடங்காயிற்று. அவ்விண்மீன் விரைந்து சுழல்வதால் நடுவே பருத்திருக்கின்றது. அவ்வடிவைக் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் அளந்தோர், 2016இல் அகவை ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டு எனவும், நிறை 22 மடங்கு எனவும் கணித்தனர். ஒளி மாறவில்லை, கோள் என்றது குறுமீனாயிற்று.

துணையை அறிய விழைவோர் முதற்கண் தாய்மீனை அறிதல் வேண்டும் என்பதே இத்தேடலால் நாம் பெறும் தெளிவு.