பூச்சி கடந்த எல்லைகள் – 9: பெட்டிக்குள் வந்த காடு

ஓசூரில் பழைய பேக்கிங் பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் வெளிர்மஞ்சள் பலகைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். தொழிற்சாலைகளுக்கான இயந்திரங்களைச் சுமந்து கப்பலேறி வந்த பைன் மரம். இங்கே கட்டிலாகிறது, அலமாரியாகிறது. பலகையைத் திருப்பிப் பாருங்கள்: கோதுமைக் கதிர் போட்ட முத்திரை, பக்கத்தில் நாட்டின் குறியீடு, ‘ஹெச்.டி.’ என்ற இரண்டெழுத்து. மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடேறி, 30 நிமிடம் நின்றது என்பதற்கான அடையாளம் அது. 2002இல் வந்த சர்வதேச விதி. இந்தியாவும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையில், மரப் பெட்டிகள் இப்படிப் பக்குவப்பட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

வெறும் பெட்டிக்கு ஏன் இத்தனை கெடுபிடி? மரத்தில் ஒளிந்து வரும் பட்டை வண்டு போன்ற பூச்சிகள்தான் காரணம்.

அப்படியொரு பட்டை வண்டான சிவப்பு டர்பன்டைன் வண்டு ஒரு நெல்மணி நீளம்தான் இருக்கும். பிறந்த இடமான வட அமெரிக்காவில் அது பெரிய எதிரியே அல்ல. நெருப்பு பட்ட மரம், வெட்டிப்போட்ட அடிக்கட்டை என்று ஏற்கெனவே நலிந்ததைத் தேடித்தான் போகும். பசிபிக் கடலை அது பறந்து கடக்கவில்லை. 1980களில் இறக்குமதியான பைன் கட்டைகளோடு சீனாவுக்குப் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஷான்சி மாநிலத்தில் 1998இல் கண்ணில் பட்டது; மறு ஆண்டே பெருகி, ஹெபெய், ஹெனான் என்று பரவியது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பைன் மரங்கள் பட்டுப்போயின. தொடர் வறட்சியில் மரங்களுக்குப் பிசின் குறைந்திருந்தது. பிசின்தான் மரத்தின் ஆயுதம். துளைக்க வரும் வண்டை மூழ்கடித்து வெளியே தள்ளும். அது வற்றியதும், உடம்பில் பூஞ்சையைச் சுமந்த வண்டுக்கு வழி திறந்துவிட்டது. திடமான மரங்களும் தப்பவில்லை.

‘நம்மூரில்தான் பைன் காடே இல்லையே’ என்று ஓசூர்க்காரர் கேட்கலாம். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இருக்கிறதே! பைனை விடுங்கள், நம் தைல மரத்துக்கு நடந்ததைப் பாருங்கள். ஆஸ்திரேலியக் குளவி ஒன்று, ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் உருவம். 2000களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் மண்டியாவில் தென்பட்டது, பிறகு தமிழ்நாட்டிலும். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு முடிச்சாகப் புடைக்க, இளங்கன்றுகள் வளர்ச்சி குன்றி நின்றன. அந்தக் குளவியைத் தொலைதூரம் கொண்டுசேர்த்த வாகனம் நாற்றுப்பண்ணைக் கன்று. காம்புக்குள் இருக்கும் முட்டை, ஓசூரை ஒட்டிய மாநில எல்லையான ஜூஜூவாடியில் என்றில்லை, எந்தச் சோதனைச் சாவடியிலும் கண்ணுக்குத் தெரியாது.

பழைய பெட்டி வாங்குபவர்கள் பலகையின் ஓரத்தையும் கவனியுங்கள். ஒட்டியிருக்கும் பட்டை 3 சென்டிமீட்டர் அகலத்துக்குள் என்றால் விதி அனுமதிக்கிறது. வண்டு உள்ளே முட்டையிட்டாலும், புழு வளர்ந்து முடிப்பதற்குள் பட்டை காய்ந்துவிடும். முத்திரையும் இல்லாமல், உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையும் இருந்து, தட்டினால் மரத்தூள் உதிர்கிறதா? அந்தத் துண்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

(தொடரும்)