பரங்கிமலைத் திருத்தலம்: மரபு சொல்வது என்ன, கல் சொல்வது என்ன?

சென்னை: சென்னை விமான நிலையத்துக்கு அருகே சுமார் 300 அடி உயரத்தில் அமைந்துள்ள பரங்கிமலை, நாட்டின் தொன்மையான கத்தோலிக்கத் திருத்தலங்களுள் ஒன்றாகும். இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித தோமையார் இங்குதான் உயிர்த்தியாகம் செய்தார் என்பது நூற்றாண்டுகளாகத் தொடரும் நம்பிக்கை. இந்நம்பிக்கைக்கு உள்ள வரலாற்றுச் சான்றுகள் யாவை? போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னர்தான் இப்பகுதியில் கிறிஸ்தவம் தோன்றியதா? மலை உச்சி ஆலயத்தின் பீடத்தில் உள்ள கற்சிலுவை இக்கேள்விகளுக்கு ஓரளவு விடை தருகிறது.

மரபும் ஆவணங்களும்

தோமையார் கி.பி. 52இல் கேரளக் கரையில் வந்திறங்கினார் என்றும், பின்னர் மயிலாப்பூர் பகுதியில் போதித்து வந்த அவர் கி.பி. 72இல் இம்மலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்றும் மரபு கூறுகிறது. அவர் மறைந்து வாழ்ந்ததாகக் கருதப்படும் குகை சைதாப்பேட்டை சின்னமலையிலும், அவரது கல்லறை சாந்தோம் பேராலயத்திலும் உள்ளன.

3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'தோமாவின் பணிகள்' என்ற சிரியாக் மொழி நூல், அவர் இந்தியாவில் ஒரு மலையில் ஈட்டிக்கு இரையானதாகக் கூறுகிறது. ஆனால், அந்த மலை மயிலாப்பூரை அடுத்தது என்று அந்நூல் குறிப்பிடவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, தோமையாரின் கல்லறை இங்கிருப்பதையும், கிறிஸ்தவர்களுடன் முஸ்லிம்களும் அங்கு யாத்திரை வருவதையும் பதிவுசெய்துள்ளார். வாஸ்கோ ட காமா இந்தியாவை அடைந்தது அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பிறகு, 1498இல்தான்.

1547இல் கிடைத்த சிலுவை

இயேசுவின் பிறப்பை எதிர்நோக்கும் மரியன்னையின் பெயரில், 1523இல் போர்ச்சுகீசியர்கள் மலை உச்சியில் ஆலயம் எழுப்பினர். 1547இல் கட்டுமானப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது, சிலுவை செதுக்கப்பட்ட கற்பலகை ஒன்று வெளிப்பட்டது. சிலுவையின் மேல் புறா இறங்குவது போன்ற வடிவமும், சுற்றிலும் அறியப்படாத எழுத்துகளும் காணப்பட்டன.

அவ்வெழுத்துகள் தோமையாரின் வாழ்க்கையையும் மரணத்தையும் விவரிப்பதாக அக்காலத்தில் விளக்கம் தரப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஏ.சி. பர்னெல், அது பாரசீகத்தில் வழங்கிய பஹ்லவி எழுத்து என்று நிறுவினார். அதன் வாசகத்தை அறிஞர்கள் பலவாறு படித்துள்ளனர். எனினும் அது இறைவனின் இரக்கத்தை வேண்டும் சிறிய மன்றாட்டு என்பதே பெரும்பாலானோர் கருத்து. சிலுவையின் காலம் 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் அமையலாம் என்று மதிப்பிடப்படுகிறது. இதே வகைச் சிலுவைகள் கேரளத்தின் கோட்டயம் வலியபள்ளியிலும் உள்ளன.

எனவே, இக்கல் தோமையாரின் வருகைக்கு நேரடிச் சான்றாகாது. அது அவர் வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆனால், போர்ச்சுகீசியர் வருகைக்கு நெடுங்காலம் முன்பே, பாரசீகத் திருச்சபையுடன் தொடர்புடைய கிறிஸ்தவர்கள் சோழமண்டலக் கரையில் வழிபட்டனர் என்பதை அது உறுதிப்படுத்துகிறது. கிறிஸ்தவம் இங்கு காலனி ஆட்சியுடன் வந்தது என்ற பொதுக்கருத்தை மறுக்கும் சான்று இது.

இச்சிலுவையில் 1558 டிசம்பர் 18 முதல் 1704 வரை பலமுறை குருதி போன்ற துளிகள் அரும்பியதாகப் பக்தர்கள் நம்புகின்றனர். இதனால் இது 'இரத்தம் கசிந்த சிலுவை' என்று அழைக்கப்படுகிறது.

ஆர்மீனியர் அமைத்த படிகள்

உச்சிக்குச் செல்லும் கற்படிகளை அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடப்பதற்காக 1726இல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவரும் அவரே. அந்தப் பாலம் இருந்த இடத்தில் தற்போது மறைமலை அடிகள் பாலம் உள்ளது. படிகளின் வழியில் சிலுவைப் பாதையின் 14 நிலைகள் அமைக்கப்பட்டுள்ளன.

போர்ச்சுகீசியரைக் குறித்த 'பரங்கியர்' என்ற சொல்லே மலையின் பெயருக்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. பிருங்கி முனிவர் தவம் செய்ததால் 'பிருங்கி மலை' என்றிருந்து மருவியது என்ற மரபும் வழக்கில் உள்ளது.

நில அளவையிலும் நகரிலும்

நாட்டின் நில அளவை வரலாற்றிலும் இம்மலைக்கு இடமுண்டு. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று, மாபெரும் முக்கோணவியல் நில அளவைக்கான முதல் அடிக்கோட்டை இதன் அடிவாரத்தில் அளக்கத் தொடங்கினார். அக்கோட்டின் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். ஜார்ஜ் கோட்டையிலிருந்து இம்மலைக்குச் சென்ற வழியே 'மவுண்ட் ரோடு' எனப் பெயர்பெற்று, இன்று அண்ணா சாலையாக விளங்குகிறது.

இன்றைய நிலை

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 பிப்ரவரி 5 அன்று இங்கு வந்து மன்றாடினார். 2011இல் தேசியத் திருத்தலமாக அறிவிக்கப்பட்ட இம்மலை, செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் கீழ் உள்ளது. தவக்காலத்திலும், ஆலயப் பெருவிழாவான டிசம்பர் 18ஐ ஒட்டியும் பக்தர்கள் திரளாக வருகின்றனர். உச்சிவரை வாகனங்கள் செல்லச் சாலை வசதி இருந்தபோதிலும், உஸ்கானின் படிகளில் மன்றாடியபடி ஏறிச்செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.