நரசிங்கம்பேட்டை நாகசுரம்

குழல் என்றதும் மூங்கிலில் துளையிட்ட புல்லாங்குழலே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் நாம் கேட்டுப் பழகிய பெருங்குழல் மூங்கிலால் ஆனதன்று. வைரம் பாய்ந்த மரத்தைக் கடைந்து செய்யப்படும் நாகசுரமே அது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் இருப்புப்பாதையில், ஆடுதுறைக்கும் குத்தாலத்திற்கும் இடையே நரசிங்கம்பேட்டை என்னும் சிற்றூர் இருக்கிறது. நெல்வயல்கள் சூழ்ந்த இவ்வூரில் சில குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இக்குழலைச் செய்து வருகின்றனர். இத்தொழிலுக்கு வேண்டிய முதற்பொருள் நம் விவசாயிகளின் பழைய வீடுகளிலேதான் கிடைக்கிறது. ஆதலால் இதனை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

அம்முதற்பொருள் ஆச்சா மரம். நம் நாட்டு மரங்களுள் மிகக் கனமானவற்றுள் இஃது ஒன்று. எளிதில் கரையான் அரிக்காது. அதனாலேயே முன்னோர் இதனைத் தூணாகவும் உத்தரமாகவும் வைத்து வீடு கட்டினர். குழல் செய்வதற்குப் புதிதாக வெட்டிய ஆச்சா உதவாது. பச்சை மரத்தில் ஈரம் நிற்கும். அதனைக் கடைந்து துளையிட்டால், பிற்பாடு உலர உலர மரம் கோணும், வெடிக்கும், துளையின் அளவு மாறும். துளை மாறினால் சுரமும் மாறிவிடும். பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் நின்று வெயிலும் மழையும் நேரே படாமல் உலர்ந்த மரமோ இனி அசையாது. எனவே இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவதே இத்தொழிலாளரின் வழக்கம். ஆணி அறைந்த இடமும், பொருத்துக்காகக் குடைந்த இடமும், வெடிப்பு ஓடிய இடமும் கழிந்தது போக எஞ்சுவதே குழலாகும்.

கட்டையைக் கடைசல் பட்டறையில் பூட்டி உருட்டிக் கடைவதும், நீண்ட துரப்பணத்தால் உள்ளே துளைப்பதும் பிரதான வேலைகள். ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற, மற்றொருவர் உளி பிடிப்பது பழைய முறை. மின்சார மோட்டார் வந்தபின் இழுப்பவரின் உழைப்பு மிச்சமாயிற்று. உளி பிடிப்பவரின் கைத்திறனுக்கு மாற்று வரவில்லை. உள்துளை மேலே குறுகியும் கீழே செல்லச் செல்ல விரிந்தும் இருக்க வேண்டும். அவ்விரிவு ஓரிடத்தில் பிசகினாலும் சுரம் பேசாது. விரலால் மூடுவதற்கு ஏழு துளைகள். அவற்றிற்குக் கீழே சுருதியைச் சரிப்படுத்த மேலும் ஐந்து துளைகள் உண்டு. இவற்றை வேண்டியபடி மெழுகால் அடைத்துக் கொள்வர். இந்த உடற்பகுதிக்கு உலவு என்று பெயர். இதன் அடியில் பொருந்தும் விரிந்த வாய் அணசு. அதனை வாகை மரத்தில் செய்வர்.

கல்லிலும் நாகசுரம் செய்திருக்கிறார்கள். கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் கோயிலில் அத்தகைய குழல் ஒன்று உண்டு. அதிசயம்தான், ஆனால் தோளில் சுமந்து வீதியுலாவில் வாசிப்பதற்கு மரமே தகும்.

நரசிங்கம்பேட்டையின் புகழுக்குத் தனியான காரணம் ஒன்றுண்டு. முற்காலத்தில் வழங்கியது திமிரி என்னும் குட்டையான, உச்ச சுருதி உடைய குழல். அதில் சுத்த மத்தியமம் தானே சரியாக ஒலிக்காது. வித்துவான் மூச்சையும் உதட்டையும் அடக்கி அதனைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. இவ்வூர் ரங்கநாதன் ஆசாரியார் குழலின் நீளத்தையும் துளைகளின் இடைவெளியையும் மாற்றிப் பார்த்து, அந்தச் சுரம் பிசகின்றிப் பேசும் பாரி நாகசுரத்தை உருவாக்கினார். அருகிலுள்ள திருவாவடுதுறையில் வாழ்ந்த டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதனை ஏற்று வாசித்ததால் நீண்ட குழலே எங்கும் பரவிற்று. நல்ல வித்துவானும் நல்ல ஆசாரியும் நடந்து போகும் தூரத்தில் இருந்தமையே இதற்கு உதவியது என்று நாம் கருதுகிறோம்.

ஊதும் வாயாகிய சீவாளியும் காவிரிக்கரையின் பொருளே. ஆற்றோரத்தில் வளரும் நாணல் வகையால் அதனைச் செய்கிறார்கள். திருவாவடுதுறை அதற்குப் பெயர் பெற்றது. கரையைத் துப்புரவு செய்கையில் நாணல் முழுவதையும் களையென்று எண்ணி அழித்துவிடாமல், சீவாளிக்கு உதவுவதை ஒதுக்கி விடலாம்.

2022-ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதனால் வேற்றூர்ச் சரக்கை இப்பெயரால் விற்பது சட்டப்படி தடைப்படும். இப்பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்துக் கொள்ள வேண்டும். பெயருக்குக் காவல் கிடைத்தது உண்மையே. ஆனால் குறியீடு மரத்தைக் கொண்டு வந்து தராது. ஓட்டு வீடுகள் இடிந்து கான்கிரீட் வீடுகள் எழும்போது, ஆச்சா உத்தரங்கள் மொத்தமாக மர வணிகரிடம் போய், மேசைக்கும் கதவுக்கும் அறுபடுகின்றன. சிறு துண்டுகள் அடுப்புக்கே போவதும் உண்டு. புதிய மரம் நடுவதென்றால், ஆச்சா வறண்ட நிலத்துக் காட்டு மரம். காவிரிப் படுகையின் வண்டல் அதற்கு ஏற்றதன்று. மெல்ல வளரும் அம்மரத்தை வறண்ட மாவட்டங்களின் ஊராட்சிகள் இன்று நட்டாலும், அது உத்தரமாகி உலர்ந்து குழலாவதற்கு இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகும். இப்போது இருக்கும் மரம் பழைய வீடுகளில் இருப்பதுதான்.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் வேண்டியதில்லை. பழைய வீட்டை இடிப்பவர், உத்தரத்தை மழையில் போடாமல் நிழலில் அடுக்கி வைத்து, அறுப்பதற்கு முன் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு சொல் அனுப்பினால் போதும். மூன்றடி நீளமுள்ள நேரான துண்டு மர வணிகருக்குக் கழிவுக் கட்டை. குழல் செய்பவருக்கு அதுவே ஒரு நாகசுரம். விலையும் அதற்கேற்பக் கேட்கலாம். புது வீட்டின் வரைபடத்திற்கு மக்கள் அனுமதி கேட்கிறார்கள் அன்றோ? பழைய வீட்டின் உத்தரம் என்ன மரம் என்று அப்போதே விசாரித்து, ஆச்சாவானால் செய்தி சொல்லும் பொறுப்பைச் சுற்றுப்புற ஊராட்சி உறுப்பினர்கள் தாமே ஏற்கலாம்.