உல்லமும் தெருபோக்கும்

கடல் மீன் ஆற்றில் ஏறி முட்டையிடுவதை விளக்கப் புகுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது சால்மன் என்னும் குளிர்நாட்டு மீனையே. அது வியத்தற்குரிய மீன் என்பதில் ஐயமில்லை. மலையோடையில் பொரித்து, கடலில் வளர்ந்து, சில ஆண்டுகட்குப் பின் தான் பிறந்த ஓடையையே தேடி வருகின்றது. அமெரிக்க அறிஞர்களான விஸ்பியும் ஹாஸ்லரும் சில மீன்களின் நாசித்துளைகளை அடைத்துவிட்டுப் பார்த்தனர். அவை வழி தடுமாறின. ஓடையின் மணமே வழிகாட்டி என்னும் கருத்துக்கு 1954இல் வெளிவந்த அவ்வாய்வு வலுவூட்டிற்று. பெண்மீன் வாலால் கூழாங்கற்களை ஒதுக்கிக் குழி பறித்து முட்டையிடும். பசிபிக் சால்மன்கள் பெரும்பாலும் அத்துடன் மடிந்துபோகும்.

ஆனால், தமிழாசிரியர் இதற்காகப் பனிநாடு வரை செல்ல வேண்டுவதில்லை. காவிரிக்கும் அத்தகைய மீன் ஒன்று உண்டு. உல்லம் என்பது அதன் பெயர். வங்காளியர் இலிஷ் என்றும், கோதாவரிக் கரையினர் புலசா என்றும் போற்றுவது அதனையே. சாளைக்கு உறவே தவிரச் சால்மனுக்கு உறவன்று. முள் மிகுதி, பொறுமையுள்ளவர்க்கே அதன் சுவை கிட்டும்!

புதுவெள்ளம் கலங்கி வரும் பருவத்தில் உல்லங்கள் திரண்டு கொள்ளிடத்தில் ஏறும். அவை குழி பறிப்பதில்லை. ஓடும் நீரிலேயே முட்டைகளைச் சொரியும். பெரிய பெண்மீன் ஒன்றில் பத்து இலட்சத்துக்கு மேலும் முட்டைகள் இருப்பதுண்டு. கருவுற்ற முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். தாய்மீன் மடியாமல் கடலுக்கு மீளும்.

அப்பயணத்துக்கு வெள்ளமும் தடையற்ற வழியும் வேண்டும். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். அணைகள் மீனின் வழியை அடைப்பதைப் பிரான்சிஸ் டே 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துரைத்தார். படிப்படியாக நீர் விழும் மீன் ஏணி வைத்தும் பார்த்தனர். சால்மன் தாவும் மீன், உல்லமோ தாவாது. ஆகவே ஏணி பயன்படவில்லை. 1909இல் வில்சன் கொள்ளிடத்து உல்லத்தின் முட்டைகளைச் செயற்கை முறையில் கருவுறச் செய்தார். சுந்தரராஜ் அதுபற்றி 1917இல் விரிவாக எழுதினார். எனினும், 1934இல் மேட்டூர் அணை எழுந்து வெள்ளத்தைத் தேக்கிக்கொண்ட பின் காவிரியில் உல்லம் அருகிவிட்டது. உழவுக்கு அணை இன்றியமையாததே. ஆயினும் மீனவர் இழந்ததை எவரும் கணக்கில் வைத்ததாகத் தோன்றவில்லை.

இங்குப் பட்டர்வொர்த்தில் இருப்போர்க்கு உல்லத்தின் உடன்பிறப்பு புதிதன்று. மலாய் மக்கள் தெருபோக் என அழைக்கும் மீன் அதுவே. அதில் ஓர் இனம் நம் மலாக்கா நீரிணையின் எதிர்க்கரையில், சுமத்திராவின் பெங்காலிஸ் கடலில் வாழ்கின்றது. மற்றோர் இனம் சரவாக்கின் பாத்தாங் லுப்பார் ஆற்று முகத்தில் முட்டையிடுகின்றது. இவை உல்லத்தைப் போல் ஆற்றில் நெடுந்தொலைவு ஏறுவதில்லை. ஆனால் உல்லத்துக்கு இல்லாத விந்தை ஒன்று இவற்றுக்கு உண்டு. இளமையில் யாவும் ஆண். ஒருமுறை இனம்பெருக்கிய பின் பெண்ணாக மாறி, அடுத்த பருவத்தில் முட்டையிடும்.

தெருபோக் குறைந்ததற்கு அணை காரணமன்று. சரவாக்கில் மீனைவிட அதன் முட்டைக்கே விலை அதிகம். ஆதலால் வலைஞர் நாடுவது ஆற்று முகத்தில் முட்டையிட வந்து கூடும் பெரிய மீன்களை. அவை அனைத்தும் பெண்மீன்கள்.